இணையப் பக்கம் திறக்காவிட்டால் பொறுப்பு யாருடையது?

சாத்தூருக்கு அருகிலுள்ள ஏழாயிரம்பண்ணையில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாய் பட்டாசு ஆலையில் கூலிக்கு வேலை செய்பவர். மகள் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவி. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு நாள்களே உள்ளன. வீட்டில் அகலக்கற்றை இணைப்பு உண்டு. மாதக் கட்டணமும் தவறாமல் செலுத்தப்படுகிறது. ஆயினும் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. இணைப்பு கொடுத்தவரைக் கேட்டால், "லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "உங்கள் நெட்டில்தான் கோளாறு" என்கிறார்கள். மறுநாள் தாய் வேலைக்குப் போகாமல் மகளை அழைத்துக்கொண்டு சாத்தூருக்குப் பேருந்து ஏறுகிறார். ஒரு நாள் கூலி போயிற்று.

உதவித்தொகை, நலவாரியப் பதிவு, சாதிச் சான்றிதழ், தேர்வாணைய விண்ணப்பம் ஆகிய அனைத்தும் இன்று இணையத்தின் வழியே நடக்கின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அத்தகைய வட்டாரத்தில் தொழிலாளர் பதிவை வெறும் தாள் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. எனவே பக்கம் ஏன் திறக்கவில்லை என்பதை அறிவது தொழில்நுட்ப ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பழுது எங்கே என்று தெரிந்தவரால்தான் அதற்குப் பொறுப்பானவரைக் கேள்வி கேட்க முடியும். தெரியாதவரை ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டி அனுப்பிவிடுவார்கள்.

இத்தகைய கோளாறுகளில் அடிக்கடி நேர்வதும் எளிதில் சரிசெய்யக்கூடியதுமான ஒன்று, டிஎன்எஸ் எனப்படும் பெயர் அறியும் அமைப்பில் ஏற்படும் கோளாறு. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் முகவரி உண்டு. நாம் தட்டச்சு செய்வதோ பெயரை. அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடிச் சொல்லும் முறையை 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். ஊருக்குப் புதிதாக வரும் ஒருவர் முச்சந்தியில் நிற்பவரிடம் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி வழி கேட்பதைப் போன்றது இது. சாலை நன்றாக இருக்கலாம். வீடும் அங்கேயே இருக்கலாம். வழி சொல்பவர் வாய் திறக்காவிட்டால் வந்தவர் போய்ச் சேர முடியாது. நம் வீட்டு இணைப்பில் அவ்வாறு வழி சொல்பவர், வழக்கமாக இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர். அது பழுதானால் கம்பி நன்றாக இருந்தும் பக்கங்கள் திறக்கமாட்டா. "லைன் சரியாக இருக்கிறது" என்ற விடை அப்போது உண்மையே. ஆனால் முழு உண்மை அன்று.

இதைக் கண்டறிய நான்கு சோதனைகள் போதும். முதலாவது, மோடத்தின் விளக்குகளைப் பார்ப்பது. ஃபைபர் இணைப்பில் "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். டிஎன்எஸ் மாற்றிப் பயனில்லை, ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்குவது. மூன்றாவது, உலாவியின் முகவரிப் பட்டையில் 1.1.1.1 என்று தட்டச்சு செய்வது. இது எண் முகவரி என்பதால் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. இந்தப் பக்கம் திறந்து, பெயர் கொண்ட தளங்கள் எவையும் திறக்காவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். நான்காவது, அதே விண்ணப்பப் பக்கத்தைக் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பது. அங்கும் அது மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பழுது அரசுத் தளத்தில் இருக்கிறது. நம் வீட்டில் இல்லை.

கோளாறு டிஎன்எஸ்ஸில்தான் என்று தெரிந்தால், வேறொரு சர்வரிடம் வழி கேட்கும்படி அமைப்பை மாற்றலாம். கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சர்வர்கள் உள்ளன. கூகுள் நிறுவனத்தினுடையவை 8.8.8.8, 8.8.4.4, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தினுடையவை 1.1.1.1, 1.0.0.1, குவாட்9 அமைப்பினுடையது 9.9.9.9.

விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் அமைப்புகளுக்குச் சென்று, நாம் இணைந்துள்ள வைஃபையைத் தேர்ந்து, "டிஎன்எஸ் சர்வர்" என்னும் இடத்தில் தானியங்கு என்பதைக் கைமுறை என்று மாற்றி, இவற்றில் இரண்டு எண்களை உள்ளிட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நெட்வொர்க் அமைப்புகளில் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்றொரு வசதி உண்டு. அங்கே எண்ணுக்கு மாறாகப் பெயரைத் தரவேண்டும்: ஆங்கில எழுத்துகளில் டிஎன்எஸ், ஒரு புள்ளி, கூகுள். ஓர் எழுத்து பிழையானாலும் இணையமே நின்றுவிடும். அப்போது "தானியங்கு" என்று மாற்றினால் பழைய நிலை திரும்பும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே முறையில் மாற்ற விரும்பினால் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதன் முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். எதை மாற்றும் முன்பும் பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொள்வது நன்று.

இரு எண்களையும் வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 சேவையே ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக உலகெங்கும் செயலிழந்தது. பெரிய நிறுவனம் என்பதால் பழுதே நேராது என்று நம்பியிருக்க முடியாது.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இலவச வேகம் தருவதாக யாரோ அனுப்பும் எண்களை உள்ளிடக் கூடாது. வழி சொல்பவர் பொய் சொன்னால் வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்து போலிப் பக்கத்தில் போய் நிற்போம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் அவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளைத் திசைதிருப்பியது. அதன் பின்னிருந்தோர் 2011 நவம்பரில் கைது செய்யப்பட்டனர். நம்பகமான சர்வரே ஆனாலும், நாம் எந்தெந்தத் தளங்களைத் தேடினோம் என்பது அதற்குத் தெரியும். வன்கொடுமை வழக்கு குறித்துத் தேடும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று. எண்ணை மட்டும் மாற்றினால் அந்தக் கேள்விகள் மறைக்கப்படாமலே செல்கின்றன. தனிப்பட்ட டிஎன்எஸ் வசதி அவற்றை மறையாக்கி அனுப்புகிறது.

எல்லாத் தடங்கலும் பழுது அன்று என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் தமிழ்நாட்டு வாசகர் பலருக்குத் திறக்கவில்லை. பிரதமரைக் கைவிலங்குடன் சித்திரித்த கேலிச்சித்திரத்தை ஒட்டி ஒன்றிய அரசு அதை முடக்கியிருந்தது. அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கியதும் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பழுதும் முடக்கமும் ஒரே முகம் காட்டுகின்றன: பக்கம் திறக்காது. முதலாவதுக்கு டிஎன்எஸ் மாற்றம் மருந்து. இரண்டாவது கருத்துரிமைச் சிக்கல். அதை நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும்தான் தீர்க்க முடியும்.

சோதனையின் விடைக்கு ஏற்பவே அடுத்த அடி. பழுது இணைப்பு நிறுவனத்தினுடையது எனில் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், புகாரைப் பதிந்து அதன் எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, தீர்வு கிட்டாவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல முடியும். புகார் எண் இல்லாமல் அந்த வழி அடைபட்டுவிடும். பழுது அரசுத் தளத்தினுடையது எனில், நாளும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து, கடைசி நாளை நீட்டிக்கக் கோரும் மனுவோடு இணைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், எண்ம வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியுள்ளது. அந்தத் தீர்ப்பை மனுவில் சுட்டிக்காட்டலாம்.

நான்கு சோதனைகளையும் செய்து முடிக்க அரைமணி நேரம் போதும். தெருவுக்கு ஓர் இளைஞர் இதைக் கற்று, படிப்பகத்தில் மற்றவர்க்குக் கற்பித்தால், கடைசி நாளில் சாத்தூர்ப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தாய்மார் சிலருக்காவது அன்றைய கூலி மிஞ்சும். "உங்கள் நெட்டில்தான் கோளாறு" என்று இனி எவரேனும் சொன்னால், எதில் கோளாறு என்று திருப்பிக் கேட்கவும் நம்மால் முடியும்.