உள்ளிருந்து திறந்த வால்வு

2014 ஆகஸ்ட் 5. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்கு அருகே, ஷெல்ட் ஆற்றங்கரையில் உள்ள டூல் அணுமின் நிலையத்தின் நான்காவது யூனிட் திடீரென்று டிரிப் ஆனது. சுமார் 1,000 மெகாவாட் மின்சாரம் ஒரேயடியாக நின்றுபோனது. காரணம் தேடிப் போனவர்கள் திகைத்தார்கள். டர்பைனுக்கான மசகு எண்ணெய் ஏறத்தாழ 65,000 லிட்டர், நிலத்தடித் தொட்டிக்கு வடிந்துவிட்டிருந்தது. வால்வை யாரோ வேண்டுமென்றே திறந்திருக்கிறார்கள். அந்த இடம் வரை போக அனுமதி உள்ளவர்கள் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள்தான்.

இது எவ்வளவு விவரம் தெரிந்தவரின் வேலை என்பது புரிய, டர்பைன் சுழலும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நீராவியால் சுழலும் டர்பைனும், அதோடு ஒரே தண்டில் இணைந்த ஜெனரேட்டரும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான டன் எடை வரும். பெரிய அணுமின் நிலையங்கள் பலவற்றில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. இவ்வளவு எடை உலோகத்தின் மேல் நேரடியாக உரசினால் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. அதனால் பேரிங்குகளுக்குள் எண்ணெய் இடைவிடாமல் பாய்ந்துகொண்டிருக்கும். சுழலும் தண்டு அந்த எண்ணெயைத் தனக்கு அடியில் இழுத்துக்கொள்கிறது. அங்கே உண்டாகும் அழுத்தம் தண்டையே மேலே தூக்கி நிறுத்துகிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் அந்த எண்ணெய்ப் படலம் தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். பேரிங்கின் உட்பூச்சு, வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகம். படலம் அறுந்தால் அந்தப் பூச்சு சூடேறி, உருகி வழிந்துவிடும்.

கோளாறு என்றால் நீராவியை அடைத்து டர்பைனை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நீராவியை அடைத்தாலும் அந்த எடை தன் வேகத்திலேயே வெகுநேரம் சுழன்றுவிட்டுத்தான் நிற்கும். நிற்கும்வரை எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும் ஓடும்படி, பேட்டரியில் இயங்கும் அவசர எண்ணெய்ப் பம்பு ஒன்றை வைத்திருப்பார்கள். ஆனால் தொட்டியே காலி என்றால் எந்தப் பம்பும் உதவாது. டூலில் திறக்கப்பட்ட வால்வு, தீப்பிடித்தால் எண்ணெயை விரைவாக வெளியேற்றுவதற்காக அமைக்கப்பட்டது. ஆபத்தைத் தடுக்க வைத்த வழியே சேதத்துக்குப் பயன்பட்டது.

அணு உலை பத்திரமாக நின்றது. கதிர்வீச்சு ஆபத்து எதுவும் நேரவில்லை. டர்பைன் மட்டும் கடுமையாகச் சேதமடைந்து, யூனிட் டிசம்பர் வரை ஓடவில்லை. அழுத்தக் கலன்களில் குறைகள் தென்பட்டதால் பெல்ஜியத்தின் டூல் 3, டியாஞ்ச் 2 ஆகிய உலைகள் அந்த ஆண்டு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. இதுவும் சேர்ந்துகொண்டதால், குளிர்காலத்தில் தட்டுப்பாடு வந்தால் எந்தெந்தப் பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்துவது என்று திட்டம் தயாரித்து மக்களுக்கு அறிவிக்கும் நிலைக்கு அந்நாட்டு அரசு வந்தது. வால்வைத் திறந்தவர் என்று எவரும் தண்டிக்கப்படவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், தென்னாப்பிரிக்காவின் கேம்டன் அனல்மின் நிலையத்தில் ஓர் ஒப்பந்தப் பராமரிப்புத் தொழிலாளி கைதானார். அங்கும் விஷயம் எண்ணெய்தான். பேரிங்கின் எண்ணெய் வடிகால் அடைப்பானை அவர் வேண்டுமென்றே கழற்றிவிட்டார் என்று அந்நாட்டு மின் நிறுவனமான எஸ்காம் தெரிவித்தது. தன் நிறுவனத்துக்குக் கூடுதல் பழுதுபார்ப்பு வேலை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்றும் அது சொன்னது. நாடே மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

கணினி அறைகளும் இதற்கு விலக்கல்ல. 2007 ஏப்ரலில், கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பின் தரவு மையத்துக்குள் ஒரு ஞாயிறு இரவில் நுழைந்த ஒப்பந்த ஊழியர், அவசரகால மின்நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். அவருடைய கணினி அனுமதி முன்பே ரத்தாகியிருந்தது. நுழைவு அட்டை ரத்தாகவில்லை. விளக்குகள் அணையவில்லை என்றாலும், மின்சாரம் வாங்கி விற்கும் சந்தைக்கான தொடர்பு அறுந்தது.

மூன்று சம்பவங்களிலும் மதிலைத் தாண்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெளியாள் முதலில் உள்ளே வர வேண்டும், பிறகு எங்கே அடித்தால் வலிக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு இரண்டும் வேலையோடு சேர்ந்தே கிடைக்கின்றன. காரணங்கள்தான் ஆளுக்கு ஆள் மாறும்: பணம், பணியிடத் தகராறு, அரசியல்.

டூல் சம்பவத்துக்குப் பிறகு அந்த நிலையத்தில் கேமராக்கள் கூட்டப்பட்டன. சில இடங்களுக்கு ஒருவர் தனியாகப் போகக் கூடாது என்ற விதியும் வந்தது. இது ஊழியரை அவமதிக்கும் விதி என்று சிலர் நினைக்கலாம். நேர்மையான ஊழியருக்கு இது காவல்; நாளை ஏதாவது நடந்தால் பழி அவர் தலையில் விழாது. முக்கிய வால்வு இருந்த நிலையிலிருந்து அசைந்தவுடனே கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் கணினி அனுமதியும் நுழைவு அட்டையும் ஒரே நேரத்தில் ரத்தாக வேண்டும். ஊழியரின் குறையை மேலதிகாரி காதுகொடுத்துக் கேட்பதும் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

நம் மின்நிலையங்களும் துணைமின் நிலையங்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் உழைப்பையும் நம்பித்தான் ஓடுகின்றன. அவர்களுக்கு முறையான பயிற்சியும், நிரந்தர ஊழியருக்குச் செய்யும் அதே பின்னணிச் சரிபார்ப்பும், அதே மரியாதையும் கிடைக்க வேண்டும். மதிலை உயர்த்தச் செலவிடும் மின்வாரியங்கள் இதற்கும் செலவிட வேண்டும்.