'அக்ரீ டு டிஸ்அக்ரீ'... எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் விவாதம் சூடானால், யாராவது ஒருத்தர் 'ஐ அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். 'எனக்கு உடன்பாடில்லை' என்பதை நாகரிகமாகச் சொல்லிவிட்ட திருப்தி. ஆனால், அதன் அர்த்தம் அதுவல்ல.

'உன் கருத்து உன்னோடு, என் கருத்து என்னோடு, இத்தோட விட்டுடலாம்' என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கும் முடிவுதான் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ'. ஒரு கை தட்டினால் ஓசை வராது. அதனால் இங்கே 'ஐ' பொருந்தாது. 'லெட்ஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்பதுதான் இயல்பு. அதுவும் பேசித் தீர்த்த பிறகு வர வேண்டியது, முதல் பதிலாக அல்ல. மறுப்பை மட்டும் சொல்ல 'ஐ டிஸ்அக்ரீ' போதும். ஃபார்மலாக வேண்டுமா? 'ஐ பெக் டு டிஃபர்'. (மேனேஜருக்கு அனுப்பும் மெயிலில் இது கொஞ்சம் குத்தலாகவும் ஒலிக்கும், பார்த்து!)

இலக்கணம் சரியாக இருந்தாலும் பொருந்தாத இடங்கள் உண்டு. கொடைக்கானலுக்கு மே மாத சீசனில் போவதா, கூட்டமில்லாத ஜனவரியில் போவதா? தாராளமாக 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' சொல்லலாம். அதே ஊரின் பாதரச விவகாரத்தைப் பாருங்கள். 2001-ல் மூடப்பட்ட இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவர்கள், தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள். நிறுவனம் மறுத்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் பணம் தருவதாகச் சொன்ன நிறுவனம், தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. இதை வேண்டுமானால் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' பக்கத்தில் வைக்கலாம்.

மண் விஷயம் அப்படியல்ல. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தப்படுத்தினால் போதும் என்பது நிறுவனத்தின் திட்டம். பாம்பார் சோலையை ஒட்டிய இடத்துக்கு இது போதவே போதாது என்றார்கள் சூழலியலாளர்கள். இரு தரப்பும் அவரவர் கணக்கோடு வீட்டுக்குப் போக முடியாது. மண்ணை ஏதோ ஓர் அளவுக்குத்தான் சுத்தப்படுத்த முடியும். அந்த அளவை யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும்.

பாதுகாப்பு ஓட்டை இருக்கிற ஆப்பை நாளைக்கே ரிலீஸ் பண்ணலாமா என்று டீம் மீட்டிங்கில் கேட்டாலும் இதே கதைதான். அங்கே 'ஐ டிஸ்அக்ரீ' என்று எழுதி, ஏன் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்து அனுப்புங்க.