துளையைப் பாருங்கள், துளையை!

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் குத்தூசி பிடித்துப் பழகிய கைகளே, உங்களுக்காகவே ஒரு விருந்து! ஆதிமனிதர் சிப்பியையும் நத்தை ஓட்டையும் வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார்கள் என்று தொல்லியல் ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் நெதர்லாந்தின் லைடன் நகரம். ஜாவா தீவின் திரினிலில் யூஜின் துபுவா என்பவர் 1890-களில் தோண்டியெடுத்த நன்னீர்ச் சிப்பிகள் அங்கே அருங்காட்சியகப் பெட்டிகளில் நூறாண்டுக்கும் மேலாகக் கிடந்தன. 2007-இல் ஸ்டீபன் மன்ரோ என்ற ஆய்வாளர் அவற்றைப் படம் பிடித்தார். படத்தைப் பார்த்தால், ஒரு ஓட்டின்மேல் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் கீறல்கள்! நூறாண்டு யார் கண்ணிலும் படாததைக் கேமரா காட்டிக் கொடுத்துவிட்டது. கீறியது ஹோமோ எரக்டஸ், அதாவது நமக்கும் முந்தைய மனித இனம். வயது, குறைந்தது 4,30,000 ஆண்டுகள்! 2014-இல் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தபோது உலகமே வாய்பிளந்தது.

அதைவிடச் சுவையானவை அந்தச் சிப்பிகளில் இருந்த துளைகள். ஓட்டை இறுக்கி மூடும் தசை உள்ளே எங்கே ஒட்டியிருக்கிறதோ, மிகச் சரியாக அங்கேதான் துளை! ஆய்வாளர்களும் உயிருள்ள சிப்பி ஒன்றை எடுத்து, அதே இடத்தில் சுறாப் பல்லால் குடைந்து பார்த்தார்கள். ஓடு நொறுங்கவில்லை, சிப்பி தானாகத் திறந்துகொண்டது. இப்படித்தான் ஆதிமனிதருக்குச் சதை சாப்பாடானது. ஒரு ஓட்டின் விளிம்பைச் செதுக்கி, வெட்டவும் சுரண்டவும் கருவியாக்கியிருக்கிறார்கள்!

அடுத்து, பக்கத்தில் இலங்கை. மழைக்காட்டுக்குள் இருக்கும் பாஹியன் லெனா குகையில் 48,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லும் தடயங்கள் உண்டு. 2020-இல் வெளியான ஆய்வில் எலும்பு அம்பு முனைகள், காவிக்கல் மணிகள், அவற்றோடு கடல் நத்தை ஓட்டு மணிகள்! காட்டுக்குள் கடல் எப்படி வந்தது? கடற்கரை மக்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இனிமேல்தான் நம் ஊர்ச் சேதி: அதே குகையில் தோலையோ நாரையோ பதப்படுத்தித் தைக்க உதவிய எலும்புக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன!

இதுபோன்ற மணி கிடைத்தால் நுண்ணோக்கியின்கீழ் முதலில் பார்ப்பது துளையின் விளிம்பைத்தான். கயிறு உரசிய பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். வார் உரசி ஓட்டை தேய்வதைத் தினமும் பார்க்கும் ஆம்பூர்க் கண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் மண்ணும் சளைத்ததல்ல. திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்களின் வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன. எனவே ஒரு வேண்டுகோள்: ஏர் ஓட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ துளையிட்ட சிப்பியோ தேய்த்த கல்லோ தென்பட்டால், கழுவாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். தொல்லியல் துறைக்கோ வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.