கல்லுக்குள் பனஞ்சிலாம்பு

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வரும் சாலையை விட்டு உள்ளே இறங்கிவிட்டால், நிற்கும் இடம் கேரளமா தமிழ்நாடா என்பதை வீட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஒரு விளையில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பனங்கைகளை அடுக்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றைக் குறுக்காக அறுத்திருந்த முகத்தில் வளையமோ கோடோ இல்லை, கரும்புள்ளிகள்தான் இருந்தன. ஓரத்தில் நெருக்கியடித்து, உள்ளே போகப் போக விலகி விலகி நின்றன. விரலால் தடவப் போனேன்.

"பாத்து மக்ளே, சிலாம்பு ஏறிரும்" என்றார் திண்ணையிலிருந்த பாட்டா. முட்டி தேயும்வரை பனையேறியவர். "அந்தக் கறுப்பாக்கும் வைரம். உள்ள உள்ளது வெறும் சோறு."

ஒரு தாவரவியல் வகுப்பில் அரைமணி நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இதே புள்ளிகள், இதே நெருக்கம், இதே விலகல் கொண்ட கற்கள் இந்தியாவில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் உள்ள குகுவா தேசியப் புதைபடிவப் பூங்காவில் அவை தரையில் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 6 கோடியே 50 லட்சம் ஆண்டு. பனை அறுத்துப் பழகிய எல்லைக் கிராமத்து ஆள் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், எந்தப் பலகையையும் படிக்காமல் எது பனைக் குடும்பத்துக் கல், எது வேறு மரத்தின் கல் என்று பிரித்து வைத்துவிடுவார் என்பது என் எண்ணம்.

புள்ளி எங்கிருந்து வருகிறது? தேக்கை அறுத்தால் வளையம் தெரியும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்அடுக்கு ஆண்டுதோறும் புது மரத்தைச் சுற்றிக் கட்டுவதால் வருவது அது. பனைக்கு அந்த அடுக்கே கிடையாது. அது புல்லுக்கும் வாழைக்கும் உறவான ஒருவித்திலைத் தாவரம். முளைத்த பிறகு சில ஆண்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்து, தண்டு எவ்வளவு பருமன் இருக்க வேண்டும் என்பதை ஏறக்குறைய முடிவு செய்துகொண்டுதான் மேலே கிளம்பும். நீரும் உணவும் போகும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு கற்றைக்கும் கெட்டியான நார்க்கவசம் ஒன்று. குறுக்காக அறுத்தால் அந்தக் கவசம் புள்ளி. நெடுக்காகப் பிளந்தால் கறுப்புக் கோடு. விரலில் ஏறினால் சிலாம்பு.

வளையம் இல்லாததால் பனையின் வயதை அறுத்துப் பார்த்து எண்ண முடியாது. ஆனால் அதைவிட விந்தையான ஒன்று அந்தத் தண்டுக்குள் இருக்கிறது. தேக்கின் நடுமரம் செத்த மரம். பனைக் குடும்பத்திலோ, தண்டு உருவான நாளில் பிறந்த மென்செல்கள் மரம் சாயும்வரை உயிரோடு இருக்கின்றன. தாவரவியலாளர்கள் டாம்லின்சனும் ஹக்கெட்டும் 2012-ல் இதை எடுத்துக்காட்டி எழுதினார்கள். நூறு வயதுப் பனையின் அடித்தண்டில் கிட்டத்தட்ட நூறு வயதுச் செல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கல்லான பனைத்தண்டுக்கு அறிவியல் வைத்த பெயர் பாமாக்ஸிலான். இது ஒரு மரத்தின் பெயரல்ல, ஒரு கோப்புறை போல. தண்டு மட்டும் கிடைத்து, இலையும் காயும் கிடைக்காதபோது, எந்த இனம் என்று துணிந்து சொல்ல முடியாமல் இந்தப் பெயருக்குள் போட்டு வைப்பார்கள். வேர் கிடைத்தால் அதற்கு ரைசோபாமாக்ஸிலான், மட்டைக் காம்பு கிடைத்தால் பாமோகாலான், காய் கிடைத்தால் பாமோகார்ப்பான். ஒரே மரம் நான்கு பெயரில் நான்கு பெட்டிக்குள் இருக்கலாம். தண்டிலும் சிக்கல் உண்டு. ஓரத்துத் துண்டில் புள்ளி நெருக்கம், நடுத்துண்டில் தொலைவு. இரண்டையும் வேறுவேறு இனமாக எண்ணிப் பெயர் சூட்டிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஓலை, மட்டை, கருக்கு, பாளை, பன்னாடை, நுங்கு, தவண், கிழங்கு என்று ஒரு மரத்தை அக்கக்காகப் பெயரிட்டு வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. நமக்கு எல்லாம் ஒரே மரத்தில் தொங்குகின்றன என்பதுதான் வேறுபாடு.

மரம் எப்படிக் கல்லாகிறது என்பதை அக்கானியை வைத்துச் சொல்லலாம். பாளையின் சாறு சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதனீர். அதைத்தான் இந்தப் பக்கத்தில் அக்கானி என்கிறார்கள். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும், சில மணி நேரத்தில் கள். எல்லைக்குக் கேரளப் பக்கம் அதற்குக் கடை உண்டு, தமிழ்நாட்டுப் பக்கம் வழக்கு உண்டு. விழுந்த மரத்துக்கும் இதே போட்டிதான். பூஞ்சையும் கறையானும் முந்தினால் மண். அவை எட்டாத சேற்றிலோ சாம்பலிலோ மரம் புதைந்து, சிலிக்கா கரைந்த நீர் ஊறினால் கல். மரச்செல்லின் சுவரில் சிலிக்கா படலமாக ஒட்டும். பிறகு செல்லின் உள்வெளியை நிரப்பும். முதலில் நீர் கலந்த ஓப்பல் போன்ற வடிவில் இருந்து, காலப்போக்கில் படிகமாக இறுகும். செல்லை அச்சாக வைத்து வார்த்தது போல அமைவதால்தான், கோடி ஆண்டு கழித்துக் கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் கற்றை கற்றையாக எண்ண முடிகிறது. வேலை தொடங்குவதற்குக் கோடி ஆண்டு வேண்டாம். ஜப்பானின் தாத்தெயாமா வெந்நீர் ஊற்றில் போட்டு வைத்த மரத்துண்டுகளில் 7 ஆண்டுகளுக்குள் கணிசமான சிலிக்கா ஏறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

தக்காணத்தில் சிலிக்கா கரைந்த நீர் தாராளமாகக் கிடைத்தது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அலையலையாக வழிந்து மேற்கிந்தியாவையும் நடு இந்தியாவையும் மூடியது. ஒரு வழிவுக்கும் அடுத்த வழிவுக்கும் நடுவே நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் ஏரிகள் தேங்கின, கரையில் காடு எழுந்தது, அடுத்த குழம்பு வந்து மூடியது. இப்படிக் குழம்புகளுக்கு நடுவே சிக்கிய ஏரிப் படிவுகளில் பனைக் குடும்பம் ஏராளம். சிந்த்வாரா மாவட்டத்து மோகாவ் கலான் கிராமத்தில் நீபா என்னும் சதுப்புநிலப் பனையின் காய் கல்லாகக் கிடைத்தது. இன்று உயிருள்ள நீபாவைப் பார்க்க சுந்தரவனத்துக்கோ அந்தமானுக்கோ இலங்கைக்கோ போக வேண்டும். இந்திய மண்ணின் கல்பனைகளை முறையாகத் தொகுக்கத் தொடங்கியவர் பீர்பல் சாஹ்னி. லக்னோவில் தாவரத் தொல்லுயிரியலுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கி, 1949 ஏப்ரல் 3 அன்று அதன் கட்டடத்துக்கு நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டவைத்தார். அந்த அடிக்கல்லே புதைபடிவங்களைப் பதித்துச் செய்தது. ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

நம் பனைக்கு நேரடியாகத் தொடர்புள்ள கல் ஒன்று உண்டு. கல் என்பதைவிடக் காய் என்று சொல்வதே பொருத்தம். தக்காணப் படிவுகளிலிருந்து கிடைத்து, 1980-களில் ஹைஃபீனியோகார்ப்பான் இண்டிகம் என்று பெயர் பெற்றது. பல ஆண்டு அது பெயரோடு சும்மா கிடந்தது. பிறகு கெல்லி மட்சுனாகா என்ற ஆய்வாளர், இந்தியாவின் ரஷ்மி ஸ்ரீவஸ்தவா, தஷ்ரத் கப்காட்டே முதலியோருடன் சேர்ந்து அந்தக் காய்களை மீண்டும் எடுத்தார். உடைக்காமல் எக்ஸ்-கதிர் நுண்வருடி வழியாக உள்ளே பார்த்தார்கள். மருத்துவமனையில் மண்டையை ஸ்கேன் செய்வது போலத்தான், ஆனால் மிக நுணுக்கமாக. நார் நிறைந்த சதை, அதற்குள் கெட்டி ஓடு, அதற்குள் ஒற்றைக் கொட்டை. உயிருள்ள பனையினங்களின் காய்களோடு ஒப்பிட்டு 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்: இது பொராசியே கூட்டத்தைச் சேர்ந்த காய். வயது 6 கோடியே 40 லட்சத்துக்கும் 6 கோடியே 70 லட்சத்துக்கும் இடையில்.

பொராசியே என்ற பெயரே பொராசஸிலிருந்து, அதாவது நம் பனைமரத்திலிருந்து வந்தது. அந்தக் காய் பனம்பழம் அல்ல. நம் பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, அந்தக் கல்லான காயில் ஒன்றுதான். அதன் நெருங்கிய சொந்தங்கள் இன்று ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கின்றன. நம் பனைக்கு அது பாட்டி அல்ல, பெரிய பாட்டியின் தங்கை வீட்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொந்தக் கூட்டம் டைனோசர்கள் முடிந்துபோன காலத்தையொட்டி இந்தியாவில் காய்த்துக்கொண்டிருந்தது. அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, கடல் நடுவே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலம். பொராசியே கூட்டம் முன்பு மதிப்பிட்டிருந்ததைவிட மூத்தது என்று ஒப்புக்கொள்ள இந்தச் சின்னக் காய் போதுமானதாக இருந்தது.

பனைக் குடும்பத்துப் படிவுகளை ஆய்வாளர்கள் வெப்பமானியாகவும் பயன்படுத்துகிறார்கள். குருத்து ஒன்றுதான், அது உறைந்தால் மரம் போய்விடும். எனவே பனையின் தடம் கிடைத்த இடத்தில் கடுங்குளிர் இருந்திருக்க முடியாது. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய பனை மகரந்தம் ஆர்க்டிக் கடலடிப் படிவிலும் அண்டார்க்டிகாவின் கரையோரப் படிவிலும் கிடைத்திருக்கிறது. இன்று பெங்குவின் நிற்கும் கரையில்.

சரி, பாறசாலையில் தோண்டினால் கல்பனை கிடைக்குமா? கிடைக்காது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட உருமாறிய பாறை. அது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய காலத்தில் நிலத்தில் மரமே தோன்றியிருக்கவில்லை. அதன் தலைமேல் கிடப்பது வெட்டுக்கல். பெருமழை ஆண்டாண்டாகப் பாறையிலிருந்து சிலிக்காவைக் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி உருவாவது அது. மரத்தைக் கல்லாக்க எது வந்து சேர வேண்டுமோ அது இங்கே வெளியேறிக்கொண்டிருக்கிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பொந்துப் பலாமரத்தின் அடிமரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து ஒளிந்த பொந்து என்பது வழக்கு. முந்நூறு ஆண்டுக் கதைக்கே மனிதர்கள் வேலி கட்டிக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

பனைக் குடும்பத்தின் பழைய தடம் கொஞ்சம் வடக்கே போனால் வருகிறது. வர்க்கலையின் செங்குன்று கடலோரத்தில் அறுந்து நிற்கும் இடத்தில் களிமண்ணும் மணற்கல்லும் பழுப்பு நிலக்கரியும் அடுக்கடுக்காகத் தெரியும். இன்னும் வடக்கே, கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலின் கரையில் படப்பக்கரை. அங்கே வெளிப்படும் சுண்ணாம்புக்கல் ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் அடித்தரை. கொல்லம் படிவுகள் என்று பெயர். அவற்றிலிருந்து எடுத்த பாறையை அமிலத்தில் கரைத்தால் கல் போய்விடும், மகரந்தம் நிற்கும். மகரந்தத்தின் மேலோடு அவ்வளவு பிடிவாதமானது. 1970-களில் ஆய்வாளர்கள் ராவும் ராமானுஜமும் அப்படிப் பார்த்தபோது கிடைத்த ஒரு பனை மகரந்தத்துக்கு, கொல்லத்தின் பழைய ஆங்கிலப் பெயரையும் சாஹ்னியின் பெயரையும் சேர்த்து குயிலோனிபோலனைட்டிஸ் சாஹ்னி என்று பெயரிட்டார்கள். இதே ராமானுஜம்தான் 1950-களில் தென்னார்க்காட்டின் கடலூர் மணற்கல்லில் கிடைத்த கல்பனை ஒன்றை விவரித்து, அதற்கு ஆற்காட்டின் பெயரை வைத்தவர். திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கும் மணற்கல் அதே வகைதான். அங்கே பெரும்பாலானவை வேறு மரங்கள், பனை அரிது.

கொல்லத்து மகரந்தம் யாருடையது? உயிருள்ள பனைகளில் யூஜீசோனாவின் மகரந்தத்தோடு அது ஒத்துப்போகிறது. யூஜீசோனா இன்று மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் மட்டும் வளர்கிறது. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அதாவது அஷ்டமுடிக் கரையில் ஒரு காலத்தில் மலேசியக் காட்டுப் பனையின் இனத்தார் பூத்துத் தூள் உதிர்த்திருக்கிறார்கள்.

அந்தப் பனையை மலாய்க்காரர்கள் பெர்த்தாம் என்கிறார்கள். அதன் மொட்டுகளில் ஊறும் தேன் இருந்த இடத்திலேயே ஈஸ்ட்டால் நொதிக்கிறது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வு அதில் 3.8 சதவீதம் வரை ஆல்கஹால் அளந்தது. பாளையைச் சீவ ஆளும் வேண்டாம், கலயமும் வேண்டாம். இரவானால் இறகுபோன்ற வால்நுனி கொண்ட ஒரு சிறு மரமூஞ்சூறு வந்து நக்கிக் குடித்துவிட்டுப் போகிறது. நாள்தோறும் குடித்தும் அதற்குத் தள்ளாட்டம் இல்லை என்பதுதான் ஆய்வாளர்களை வியக்க வைத்தது. போகிற போக்கில் மகரந்தத்தையும் பூவுக்குப் பூ கொண்டுசேர்க்கிறது.

திண்ணையில் உட்கார்ந்து பாட்டாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எரிமலையையும் ஆறு கோடி ஆண்டையும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். மூஞ்சூறு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பூவுக்கு உள்ள யாரும் சுண்ணாம்பு தேய்க்கலியே?"

"இல்ல பாட்டா."

"பின்ன அது கள்ளாக்கும்" என்றார்.