சங்கத்து வண்டிக்கு எஞ்சின் மேம்பாடு: எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது?

பூவும் கீரையும் காத்திருப்பதில்லை. விடியுமுன் கோயம்பேட்டை அடைந்தால் ஒரு விலை. வெயில் ஏறிய பின் அடைந்தால் வேறு விலை. இடையிலுள்ள நஷ்டத்தைத் தாங்குபவர் வண்டியோட்டியோ வியாபாரியோ அல்லர். தோட்டத்தில் உழைத்த அங்கத்தினரே.

வேப்பம்பட்டுப் பகுதியில் உற்பத்தியாளர் சங்கமொன்றை நாம் அண்மையில் ஆய்வு செய்யச் சென்றபோது, நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் 'வண்டி எஞ்சினின் சக்தியை உயர்த்துதல்' என்றொரு விஷயம் இடம்பெற்றிருந்தது. சங்கத்தின் டீசல் பிக்-அப் வண்டிக்கு வயது 12 கடந்துவிட்டது. அவ்வண்டி நாள்தோறும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்பேட்டுக்குச் சென்று திரும்புகிறது. சில மாதங்களாக மேம்பாலம் ஏறவே திணறுகிறது, புகை கக்குகிறது. சரக்கு தாமதமாய்ச் சேர்ந்ததால் அங்கத்தினர் சிலர் பாதி விலைக்கு விற்க நேர்ந்தது.

குழுவில் மூன்று யோசனைகள் எழுந்தன. டர்போ பொருத்தலாம் என்றார் ஒருவர். புதுப்பேட்டையில் பெரிய எஞ்சின் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி மாற்றலாம் என்றார் மற்றொருவர். டீசல் பம்பின் திருகைத் திருப்பி எண்ணெயைக் கூட்டினால் போதும் என்றார் மூன்றாமவர். எதைச் செய்தாலும் பணம் சங்கத்தின் பொது நிதியிலிருந்தே போகவேண்டும்.

வண்டியோட்டியையும் அழைத்து விசாரித்தோம். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஐயா, புதுசா இருந்தப்போ இதே சுமையை இதே வண்டிதானுங்க இழுத்துச்சு." விஷயத்தின் சாரம் இதுவே. வண்டிக்கு முன்பு இல்லாத சக்தியை இப்போது விலைக்கு வாங்கவேண்டுமா, அல்லது முன்பு இருந்து இழந்த சக்தியை மீட்கவேண்டுமா என்பதை முதலில் நிர்ணயிக்கவேண்டும்.

எவ்வளவு சக்தி தேவை?

சரக்குடன் 2,500 கிலோ எடையுள்ள வண்டி சமதளச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, சக்கரங்களில் சுமார் 13 குதிரைத்திறன் போதும். கியர் முதலியவற்றில் வீணாவதைச் சேர்த்தாலும் எஞ்சின் 16 குதிரைத்திறன் தந்தால் போதுமானது. இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மேம்பாலத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 30 குதிரைத்திறன் வேண்டும். இத்தகைய வண்டிகளின் எஞ்சின்களோ புதிதாயிருக்கையில் 60 குதிரைத்திறன் அளவில் தரவல்லவை. ஆகவே, வழக்கமான சுமையோடு மேம்பாலத்தில் திணறும் வண்டிக்கு இருப்பது சக்திப் பற்றாக்குறை அன்று, நோய்.

நோயைக் காணும் வழி

புகையின் நிறமே முதல் சாட்சி. கரும்புகை என்றால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது எண்ணெய் நன்றாகத் தெளிக்கப்படவில்லை. அடைபட்ட ஏர் பில்டர், தேய்ந்த நாசில் ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்குகளையும் வால்வு சீல்களையும் பார்க்கவேண்டும். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நீடித்தால் டீசல் சரியாக எரியாமலிருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் இறங்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்பிரஷனையும் அளவுமானி கொண்டு பார்க்கவேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது உயர்ந்தால், தேய்மானம் ரிங்கிலும் போரிலும் இருக்கிறது. உயராவிட்டால் வால்வையும் கேஸ்கட்டையும் சந்தேகிக்கவேண்டும். இச்சோதனையின் முடிவை எண்களாக எழுதி வாங்காமல் எஞ்சினைப் பிரிக்க எந்தச் சங்கமும் அனுமதி தரலாகாது.

பயனுள்ள செலவுகள்

நாசில்களைச் சோதனைப் பெஞ்சில் வைத்துத் தெளிப்பையும் அழுத்தத்தையும் சரிசெய்தல், பம்பு காலிபரேஷன், பம்பு டைமிங், டேப்பட் இடைவெளி, ஏர் பில்டர், டீசல் பில்டர் ஆகியவை முதல் வரிசையில் நிற்பவை. டர்போவுடனேயே வந்த வண்டியாயின், காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். சிறு கசிவும் இழுவையைக் குறைக்கும். வழுக்கும் கிளட்ச், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவையும் எஞ்சின் மீது பழி சுமத்தும். ரேடியேட்டரையும் மறத்தல் கூடாது. கம்பிரஷன் எல்லாச் சிலிண்டர்களிலும் விழுந்திருந்தால்தான் ரீபோர் செய்து பிஸ்டன், ரிங் மாற்றும் முழு ஓவர்ஹால் அவசியமாகும்.

தவிர்க்கவேண்டிய செலவுகள்

டீசல் எஞ்சினில் எரியக்கூடிய எண்ணெயின் அளவை உள்ளே வரும் காற்றே நிர்ணயிக்கிறது. காற்றைக் கூட்டாமல் பம்பின் திருகை மட்டும் திருப்பினால், மிகுதி எண்ணெய் கரும்புகையாகவே வெளியேறும். எஞ்சினும் அளவுமீறிச் சூடாகும். டர்போ காற்றைக் கூட்டுவது உண்மையே. ஆனால் டர்போ இல்லாமல் வடிவமைத்த எஞ்சினில் பிஸ்டன், கேஸ்கட், ஆயில் ஓட்டம், குளிர்விப்பு ஆகிய யாவும் அந்தக் கூடுதல் பாரத்துக்காக ஏற்பட்டவை அல்ல. காற்று தாராளமாய்ச் செல்லும் பந்தய வண்டி பில்டர்கள், செங்கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் ஓடும் நம் சாலைகளுக்கு உகந்தவை அல்ல. உட்புகும் தூசி போரைத் தேய்த்துவிடும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள வண்டிகளில் கணினிக் கட்டளையை மாற்றும் 'டியூனிங்' முறையும், தேய்ந்த எஞ்சினுக்கு மேலும் சுமையே ஆகும்.

எஞ்சினையே மாற்றும் யோசனைக்கு நம் ஊரில் பழைய முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் 1937இல் வெளிவந்த பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின், பெட்ரோல் லாரிகளில் மாற்றிப் பொருத்தப் பெரிதும் பயன்பட்டது. 1950களில் சென்னை சிம்ப்ஸன் நிறுவனம் பெர்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியபோது எரிபொருட் செலவே பெருமளவு குறைந்தது. ஆகவே அம்மாற்றம் பொருளுடையது. டீசலை எடுத்து வேறொரு பழைய டீசலைப் பொருத்துவதில் அந்த லாபம் இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே வகை எஞ்சினை மாற்றுவதற்கும் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. பெறவேண்டியிருப்பதால், முறையற்ற மாற்றத்தை மறைத்து ஓட்டவும் இயலாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகையைப் பெறுவதிலும் தகராறு வரும்.

கணக்கு சொல்வது

நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாட்கள் ஓடினால் 18,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 1,800 லிட்டர் செலவாகும்; பழுது நீங்கி 12 கிலோமீட்டர் கொடுத்தால் 1,500 லிட்டரே. மிச்சம் 300 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் 27,600 ரூபாய். இத்தகைய பலன் தரும் பழுதுபார்ப்புக்கு இத்தொகை வரை செலவிட்டாலும் ஓராண்டில் முதல் திரும்பிவிடும். எந்த யோசனையையும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

மேற்சொன்ன சங்கத்தின் குழு டர்போவையும் புதுப்பேட்டை எஞ்சினையும் ஒத்திவைத்து, முதலில் சோதனைக்கு உத்தரவிட்டது. கம்பிரஷன் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. இரண்டு நாசில்கள் தெளிக்காமல் ஒழுகின. ஏர் பில்டர் அடைபட்டிருந்தது. பின்சக்கரப் பிரேக் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. இவற்றைச் சரிசெய்த பின் வண்டி பழையபடி இருட்டோடு சந்தை சேருகிறது.

வண்டி வைத்திருக்கும் பிற சங்கங்களும், நூல் பேல்களையும் துணிக்கட்டுகளையும் ஏற்றும் நெசவாளர் சங்கங்கள் உட்பட, மூன்று காரியங்களை வழக்கமாகக் கொள்ளலாம். நிரப்பிய டீசலையும் ஓடிய தூரத்தையும் நாள்தோறும் குறிக்கவேண்டும். சோதனை முடிவை எழுத்தில் பெற்ற பிறகே, இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்கவேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் குழுவின் முன் வைக்கவேண்டும். குறிப்பேடு ஒழுங்காக இருந்தால், லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்த வாரத்திலேயே கோளாறு தெரிந்துவிடும். பூ விலை விழுந்த பிறகு அதைத் தெரிந்துகொள்ள நேராது.