அலை ஓய்ந்த கடலை நம்பலாமா?

"அலை ஓய்ந்து தலை முழுகக் காத்திருந்தாற் போல" என்று நம்மவர் ஒரு பழமொழி கூறுவர். கடலில் அலை ஓய்வதுமில்லை, காத்திருப்பவன் முழுகுவதுமில்லை என்பது அதன் கருத்து. ஆயினும் தை, மாசி மாதங்களில் ஒரு காலைப் பொழுது வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தருகே நின்று மேற்கே நோக்குபவர்க்கு, அப்பழமொழி பொய்த்துப்போயிற்றோ என்ற ஐயம் தோன்றவே செய்யும். ஆனி, ஆடியிலே கருங்கற் காப்பின்மீது மோதிச் சிதறி, ஓடும் வண்டியின் யன்னலூடாகப் பிரயாணிகளின் முகத்தில் உப்புநீரைத் தெளித்த அதே கடல், இப்பொழுது குளத்து நீர் போலக் கிடக்கும். கடுங்காற்றுக் காலத்திற் கரைந்துபோன மணல் மீண்டும் வந்து கற்களின் முன்னே படிந்திருக்கும். குடும்பம் குடும்பமாக மக்கள் தண்டவாளங்களைக் கடந்து நீரில் இறங்குவர்.

மார்கழி விடுமுறையும் சித்திரை விடுமுறையும் இவ்வமைதிக் காலத்தையொட்டியே வருகின்றன. பிள்ளைகள் கடலுக்குப் போகவேண்டுமென்று அடம்பிடிக்கும் காலமும் இதுவே. ஆகவே, இவ்வமைதி எத்தகையது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

கடல் அடங்குவது ஏன்?

நமது வளிமண்டலவியல் திணைக்களத்தார் ஆண்டினை நான்கு பருவங்களாகப் பிரிப்பர். மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் ஓர் இடைக்காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மார்ச், ஏப்பிரல் மற்றோர் இடைக்காலம். தென்மேற்குக் காற்று ஆயிரக்கணக்கான மைல் வெறுங்கடலைத் தழுவி வந்து, மேற்கு நோக்கிய கொழும்புக் கரையை நேரே தாக்குகிறது. வடகீழ்க் காற்றோ தீவின் மறுபுறத்தில் ஏறி, காட்டையும் மலையையும் கடந்தே நம்மிடம் வருகிறது. அதன் வலிமை தரையிலேயே பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் கொந்தளிக்கும் மார்கழியில் வெள்ளவத்தைக் கடல் அடங்கியிருப்பதன் காரணம் இதுவே. ஆடியமாவாசைக்குக் கொழும்புக் கரையிற் கடலாடச் செல்லும் அன்பர்கள் குமுறும் கடலைக் காண்பதும், மாசிமகத்திற் செல்வோர் சாந்தமான கடலைக் காண்பதும் இதனாலேதான்.

கொட்டாஞ்சேனை வாசிகளுக்கு இதன் உண்மை வேறொரு வகையிற் புலனாகும். கொழும்புத் துறைமுகத்துக்கு முன்னொரு காலத்தில் அணைச்சுவர் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டுத் தென்மேற்குக் காற்றின் சீற்றத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 1875ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி, பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். பத்தாண்டு உழைப்பில், 1885இல் அது நிறைவுற்றது. அடங்கிய மாதங்களிற் கண்டு, 'இத்துணைப் பெரிய சுவர் எதற்கு?' என்று கேட்பவர் ஆனி மாதத்தில் ஒருமுறை சென்று பார்த்தால் விடை பெறுவர்.

காற்றில்லாமல் அலை வருமா?

இங்கே ஒரு புதிர் எழுகிறது. அலைமீது பலகையில் நின்று சறுக்கி விளையாடும் வெளிநாட்டார் ஹிக்கடுவைக்கும் வெலிகமைக்கும் வருவது எக்காலத்தில்? நவம்பர் முதல் ஏப்பிரல் வரை! அதாவது, தென்மேற்குக் கடல் அமைதியாயிருக்கிறதென்று நாம் கூறும் அதே மாதங்களில். தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் அவர்கள் கிழக்கே பொத்துவிலுக்கு அண்மையிலுள்ள அறுகம்குடாவுக்குச் சென்றுவிடுவர். காற்று அடங்கிய கரையைத் தேடி அலைக்காக வருகிறார்களென்றால், அந்த அலை எங்கிருந்து வருகிறது?

கடலலைகள் இருவகைப்படும். ஒன்று, நம் கண்ணெதிரே வீசும் காற்றினால் எழுவது. காற்று நின்றால் சில மணி நேரத்தில் அதுவும் நின்றுவிடும். மற்றது, தொலைதூரத்துப் புயலிற் பிறந்து, பிறந்த இடத்தை விட்டுப் பிரிந்து, காற்றின் துணையின்றியே சமுத்திரத்தைக் கடந்து வருவது. இதனை நெட்டலை எனலாம். இந்து சமுத்திரத்தின் தெற்கே, நாற்பது ஐம்பது பாகை அகலக்கோடுகளில், தரையின் தடையின்றி ஆண்டு முழுவதும் பெருங்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. அங்கெழும் நெட்டலைகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டால், இடையே அவற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு ஏதுமில்லை. நமது தீவின் கரைதான் முதலில் எதிர்ப்படும்.

இதன் கணக்கு எளிது. அலையின் முகடு ஒன்றுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம் 16 செக்கன் என்று கொள்வோம். அந்நேரத்தை 1.56ஆற் பெருக்கினால், ஆழ்கடலில் முகடு செல்லும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 25 மீற்றர் எனக் கிடைக்கும். அலைக்கூட்டம் முழுவதும் இதன் அரைப்பங்கு வேகத்திலேயே நகரும். அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர், நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். ஐந்தாறு நாளில் ஐயாயிரத்து எழுநூறு கிலோமீற்றரைக் கடந்து அது கொழும்பை அடைந்துவிடும். சென்ற வாரம் ஆளற்ற தென்கடலில் அடித்த புயலின் செய்தியை இவ்வாரம் நம் காலடியில் அலை கொண்டுவந்து சேர்க்கிறது.

இதனை ஆராய்ந்து நிறுவியவருள் தலைசிறந்தவர் அமெரிக்கரான வால்டர் மங்க். அவர் 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே அளவுகருவிகளை அமைத்து, தென்துருவத்தை அடுத்த கடலிற் பிறந்த அலைகள் பதினாயிரம் கிலோமீற்றருக்கு மேற் கடந்து வடகோடிக் கரையைச் சேர்வதைக் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் மெக்சிக்கோவின் குவாடலூப் தீவருகே அவர் அளந்த அலைகளிற் சில, நமது இந்து சமுத்திரப் புயல்களிற் பிறந்தவை என்றும் கண்டார்.

கள்ளக்கடல்

மலையாள நாட்டு மீனவர்க்கு இவ்விஷயம் விஞ்ஞானிகள் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை. வானம் தெளிந்திருக்க, காற்றும் அடங்கியிருக்க, முன்னறிவிப்பின்றிக் கரையேறி வரும் கடலை அவர்கள் 'கள்ளக்கடல்' என்றே வழங்குவர். கள்வனைப் போல அரவமின்றி வருவதால் இப்பெயர். தமிழர்க்கும் பொருள் விளங்கும் இச்சொல்லை, 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் ஏற்று அறிவியல் வழக்கிற் சேர்த்தது. பருவமழைக்கு முந்திய சித்திரை, வைகாசியில் இது மிகுதி. அக்காலம் நமக்கும் அமைதிக் காலத்தின் கடைசிப் பகுதியாகும்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் நிகழ்ந்தது நெஞ்சைப் பிழிவது. அங்கே கடலில் இறங்கிய மருத்துவ மாணவர் ஐவரைப் பேரலை வாரிச் சென்றது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை அதற்கு முன்னரே விடுத்திருந்தது. கற்றவர்கள், இளைஞர்கள், உடல்வலிமை உள்ளவர்கள். கடலைப் பார்த்த அவர்கள் கண்ணுக்கு ஆபத்து தென்படவில்லை. எச்சரிக்கையோ அவர்களைத் தடுத்து நிறுத்தும் வகையிற் போய்ச் சேரவில்லை.

அடங்கிய மாதங்களின் நாள்நிலை

இனி, நம் கரையின் சாதாரண நாளொன்றைப் பார்ப்போம். விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய குளிர்காற்று வீசும். அப்பொழுது நீர்ப்பரப்பு கண்ணாடி போன்றிருக்கும். வெயிலேறித் தரை சூடாக, முற்பகல் கழிந்ததும் கடற்காற்று கிளம்பும். பிற்பகலிற் சிற்றலைகள் எழுந்து நீர் கலங்கும். ஆகவே நீராட உகந்த வேளை காலையே. மார்ச், ஏப்பிரல் மாதங்களிற் பிற்பகலில் இடிமுகில் திரளுவது வழக்கம். இடியோசை காதில் விழுந்தால் மின்னல் நம்மை எட்டும் தொலைவில் உள்ளதென்றே கொண்டு, உடனே நீரைவிட்டும் வெளியைவிட்டும் அகலவேண்டும். வற்றுப்பெருக்கைப் பொறுத்தவரை கொழும்பில் அதிக கவலையில்லை. அமாவாசை, பூரணை நாள்களிலும் ஏற்ற இறக்க வேறுபாடு இரண்டடியளவே.

இந்நாளிற் கைத்தொலைபேசியிலேயே அலைக் குறிப்பைக் காணலாம். பெரும்பாலோர் அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'ஒரு மீற்றர்தானே!' என்று திருப்தியடைவர். அவ்வுயரம், அலைகளில் மூன்றில் ஒரு பங்கான பெரியவற்றின் சராசரியே. தனியலையொன்று அதன் இருமடங்காகவும் வரக்கூடும். உயரத்தைவிட உற்றுநோக்கவேண்டியது முகடுகளின் இடைநேரம். ஒரு மீற்றர் உயரமும் ஆறு செக்கன் இடைநேரமும் உள்ள அலையை விட, அதே உயரமும் பதினைந்து செக்கன் இடைநேரமும் உள்ள அலை இரண்டரை மடங்கு வலிமையைக் கரைக்குக் கொணர்கிறது. ஆழங்குறைந்த இடத்தில் மேலும் நிமிர்ந்தெழுந்து உடைகிறது.

நெட்டலைகளுக்கு மற்றொரு குணமும் உண்டு. அவை கூட்டங்கூட்டமாக வரும். ஐந்தாறு பேரலைகள் அடுத்தடுத்து வந்தபின், பல நிமிடங்கள் கடல் சும்மா கிடக்கும். அந்த இடைவேளையில் வந்து சேரும் குடும்பம் கடல் சாந்தமாயிருக்கிறதென்று எண்ணிப் பிள்ளைகளை இறக்கிவிடும். அடுத்த கூட்டம் வருவது அதன் பின்னரே.

அமைதியான இடமே ஆபத்தான இடம்

அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் எப்படியும் திரும்பிச் செல்லவேண்டும். அது பெரும்பாலும் மணலில் அமைந்த ஒரு பள்ளத்தின் வழியே ஒன்றுதிரண்டு கடலுக்குள் விரையும். பள்ளம் ஆழமாயிருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்க, நடுவே அமைதியாகத் தோன்றும் அந்தப் பட்டையையே நீராடச் சிறந்த இடமென்று அறியாதார் தெரிந்தெடுக்கின்றனர். வல்ல நீச்சற்காரனையும் மீறி இழுத்துச் செல்லும் வலிமை அந்நீரோட்டத்துக்கு உண்டு. கலங்கிய நீரும் நுரையும் கடலை நோக்கிச் செல்வதே அதன் அடையாளம். வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் கடலிற் சேரும் முகங்களையும் இவ்வாறே விலக்கவேண்டும்.

அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்துக் களைத்துப்போதல் கூடாது. அவ்வோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டுபோவதே அதன் இயல்பு. மிதந்தவாறு மூச்சைக் காத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்பவேண்டும். கரையில் நிற்பவரும் பதறி நீரிற் குதித்தலாகாது. காப்பாற்றச் சென்றவரும் உடன் மாண்ட குடும்பங்கள் பல. மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன், பந்து, கயிறு என மிதக்கக்கூடியதையோ பற்றக்கூடியதையோ வீசுவதே முறை. யாவற்றினும் முதன்மையானது, பிள்ளைகளுக்கு முறையாக நீச்சல் கற்பித்தல். கின்ரோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் போன்ற ஒன்று அண்மையிலிருக்க, நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் நீச்சல் அறிவர் என்று பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்வாராக.

வானிலையோடு சேராத மற்றொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிறும் பூரணையும் கூடிய தெளிந்த காலை. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது நம் நாட்டில் மணி ஏழாகவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் கிழக்குக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, தீவைச் சுற்றி வளைந்து மேற்குக் கரையையும் அடைந்தது. இலங்கையில் மாண்டோர் 30,000க்கும் மேற்பட்டவர். கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கி அடித்தரை தெரியுமாயின், வேடிக்கை பார்க்க நில்லாது மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகளுக்கும் நாம் சொல்லிவைத்தல் கடமை.

மாணவர்க்கு ஒரு வேலை

கடலை வெறுக்கவேண்டுமென்பதன்று நமது கருத்து. அடங்கிய மாதங்களில் அக்கரை தரும் இன்பம் நகரவாசிக்கு வேறெங்கும் கிட்டாது. அவ்வின்பத்தை அறிவோடு நுகர, வரும் விடுமுறையில் மாணவர்க்கு ஒரு சிறு வேலை தருகிறோம். நீரில் இறங்குமுன் பதினைந்து நிமிடம் கரையில் நில்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முகடு உடைந்ததிலிருந்து பத்தாவதாக அடுத்து வரும் முகடு உடையும் வரை ஆகும் செக்கன்களை எண்ணிப் பத்தால் வகுங்கள். விடை ஐந்தாறாயின் அது அயற்காற்றின் அலை. பன்னிரண்டுக்கு மேலாயின் அது தொலைதூரத்து விருந்தாளி. நெட்டலைகளுள் இடைநேரம் கூடியவையே முன்னதாக வந்து சேருமாதலால், அவ்வலை இன்று சிறிதாயிருப்பினும் நாளை பெரிதாகலாம். அன்று முழங்காலளவு நீரோடு நின்றுவிடுங்கள். எண்ணியதை ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்துவந்தால், ஒரே மாதத்தில் உங்கள் கரையின் போக்கை நீங்களே முன்னறிந்து தம்பி தங்கையருக்குச் சொல்லக்கூடியவர் ஆவீர்கள்.