உதவி பழைய வீட்டுக்குப் போனது

2008 ஏப்ரல் இறுதியில் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்குத் திடீரென்று உடல்நிலை மோசமானது. வீட்டில் இருந்தது இணையத் தொலைபேசி. அதிலிருந்து அவசர எண்ணான 911-ஐ அழைத்தார்கள். எடுத்துப் பேசினார்கள், ஆம்புலன்சும் அனுப்பினார்கள். ஆனால் அது போய் நின்ற இடம் மிசிசாகா. கால்கரிக்குக் குடிவருவதற்கு முன் அந்தக் குடும்பம் இருந்த ஊர் அது. 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் பழைய முகவரியே இருந்தது. வாசலைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, பக்கத்து வீட்டுக் கம்பித் தொலைபேசியிலிருந்து மறுபடியும் அழைத்த பிறகுதான் உள்ளூர் ஆம்புலன்ஸ் வந்தது. சில நிமிடங்களில் வந்துவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை.

முதல் ஆம்புலன்ஸ் சரியான வீட்டுக்கு வந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியோடு ஒரு தாயும் தகப்பனும் வாழ வேண்டியிருக்கிறது என்பதே பெரிய கொடுமை.

அழைப்பு ஏன் தப்பான ஊருக்குப் போனது? பழைய கம்பித் தொலைபேசியில் இப்படி நேர வாய்ப்பு மிகக் குறைவு. கம்பி எந்த வீட்டுச் சுவரில் முடிகிறது என்பது தொலைபேசி நிலையத்துக்குத் தெரியும். எண்ணும் முகவரியும் ஒரே வரியில் பதிவாகியிருக்கும். எண் வந்ததும் அந்தப் பகுதிக்குரிய அவசர மையத்துக்கு அழைப்பு போகும். அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரையில் முகவரி தெரியும். பேச்சு மூச்சில்லாமல் ரிசீவரைக் கீழே போட்டாலும் ஆள் அனுப்ப முடியும். செல்போன் வந்தபோது கம்பி போனது, ஆனால் கோபுரம் இருந்தது. எந்தக் கோபுரம் அழைப்பை வாங்கியது என்பதை வைத்து ஊரையாவது கண்டுபிடிக்கலாம். பிறகு ஜிபிஎஸ் துணைக்கு வந்தது.

இணையத் தொலைபேசிக்கு அந்தக் கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை. உள்ளங்கை அளவு அடாப்டர் ஒன்று. ஒரு பக்கம் ரவுட்டரின் கேபிள், மறுபக்கம் சாதாரணத் தொலைபேசி. அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு எந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் செருகினாலும் அதே எண்ணில் வேலை செய்யும். மலிவுக்கு அடுத்தபடி அதை எல்லோரும் விரும்புவதற்குக் காரணமும் இதுதான். அழைப்பை எடுத்துச் செல்லும் நிறுவனத்தின் சர்வர் வேறொரு மாநிலத்தில் இருக்கலாம். அதற்குத் தெரிவது ஒரு வாடிக்கையாளர் கணக்கு, ஓர் ஐபி முகவரி, கணக்கு தொடங்கிய அன்று நாம் தட்டச்சு செய்த வீட்டு முகவரி, அவ்வளவுதான். இப்போது நீங்கள் இருக்கும் வீடு உங்கள் ரவுட்டருக்கு இணையம் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அழைப்பு அதன் கைக்கு வருவதில்லை. இடம் தெரிந்தவருக்கு அழைப்பு தெரியாது, அழைப்பைச் சுமப்பவருக்கு இடம் தெரியாது. முழுச் சிக்கலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் வந்த வழியும் வேதனையானதுதான். தொடக்க காலத்தில் பல நிறுவனங்கள் 911 அழைப்புகளை அவசர மையத்தின் நேரடித் தடத்துக்கு அனுப்பாமல், அங்குள்ள நிர்வாக அலுவலகத்தின் சாதாரண எண்ணுக்குத் தள்ளிவிட்டன. இரவிலும் விடுமுறை நாளிலும் அதை எடுக்க ஆள் இருக்கும் என்ற உறுதி இல்லை. 2005 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஒரு வீட்டில் தாயும் தந்தையும் சுடப்பட்டுக் கிடக்க, மகள் இணையத் தொலைபேசியில் 911 அழுத்தியும் உதவி மையத்தை எட்ட முடியவில்லை. அடுத்த மாதமே டெக்சஸ் அரசு அந்த இணையத் தொலைபேசி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. மே மாதம் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி உத்தரவு பிறப்பித்தது. சாதாரணத் தொலைபேசி எண்களோடு பேச வசதி தரும் ஒவ்வொரு இணையத் தொலைபேசி நிறுவனமும், பதிவு செய்த முகவரிக்குரிய அவசர மையத்துக்கு, திருப்பி அழைக்கும் எண்ணோடும் முகவரியோடும் 911 அழைப்பைச் சேர்க்க வேண்டும் என்றது அந்த உத்தரவு.

அந்த உத்தரவிலிருந்து பிறந்த உரிமைகளை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலர் அறிவதில்லை. முகவரியை வாங்காமல் சேவையைத் தொடங்கக் கூடாது. முகவரியை நீங்கள் நினைத்தபோது மாற்ற எளிய வழி இருக்க வேண்டும். மின்சாரமோ இணையமோ போனால் 911 வேலை செய்யாது என்பது போன்ற குறைகளை நிறுவனம் தெளிவான மொழியில் முன்கூட்டியே சொல்லி, அதைப் புரிந்துகொண்டதாக உங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். தொலைபேசியில் ஒட்ட எச்சரிக்கை வில்லையும் தர வேண்டும். 911 வசதியை ‘வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விருப்பத் தேர்வாக விற்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது புகாருக்கு உரிய விஷயம்.

கனடாவின் ஏற்பாடு சற்று வேறு. அதே 2005-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி வகுத்த விதிப்படி, ஊர் ஊராக எடுத்துச் செல்லக்கூடிய இணையத் தொலைபேசியில் 911 அழுத்தினால் முதலில் எடுப்பது ஓர் இடைநிலை மையம். அங்கே இருப்பவர் ‘எங்கிருந்து அழைக்கிறீர்கள்?’ என்று கேட்டு, உங்கள் ஊரின் அவசர மையத்துக்கு மாற்றிவிடுவார். பதற்றத்தில் வாய் குழறினாலோ, அழைப்பு அறுந்தாலோ, கடைசித் துணை பதிவேட்டு முகவரிதான். ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கத்துக்கும் ஏஜாக்ஸுக்கும் வீடு மாறும் தமிழ்க் குடும்பங்கள் வங்கிக்கும் பள்ளிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் முகவரியை மாற்றிக் கொடுக்கின்றன. பழைய எண்ணே தொடர்வதால் தொலைபேசியின் நினைவு வருவதில்லை. பில்லுக்கான முகவரியை மாற்றினாலே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. போதாது. பில் முகவரியும் 911 முகவரியும் கணக்கில் தனித்தனியாக இருக்கக்கூடும். இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

அலுவலகத்திலும் விடுதியிலும் இருப்பது வேறு வகை ஆபத்து. 2013 டிசம்பரில் டெக்சஸின் மார்ஷல் நகரில் ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய 9 வயது மகள் நான்கு முறை 911 அழுத்தினாள். அந்த விடுதியின் தொலைபேசியில் வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. எந்த அழைப்பும் போகவில்லை, தாய் இறந்துபோனார். பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்த குழந்தையைக் கைவிட்டது அந்த இயந்திரத்தின் அமைப்பு. இறந்த தாயின் பெயரால் 2018-இல் வந்த காரி சட்டம், பல இணைப்பு கொண்ட தொலைபேசி அமைப்புகளில் எந்த முன்னெண்ணும் இல்லாமல் 911 நேரடியாகப் போக வேண்டும், அழைப்பு போனதை வரவேற்பறைக்கோ காவல் அறைக்கோ தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது. 2020 பிப்ரவரி 16-க்குப் பின் வரும் அமைப்புகளுக்கு இது பொருந்தும். அதே 2018-இல் வந்த ரே பாம் சட்டம் தெரு முகவரியோடு நிற்காமல் மாடி, அறை எண் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கிறது. வீட்டிலிருந்து மடிக்கணினியில் அலுவலகத் தொலைபேசியைப் பயன்படுத்தும் மென்பொருள் பணியாளர்கள் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். அலுவலக வலைப்பின்னலோடு இணைக்கும் விபிஎன் வழியாகப் போகும்போது நீங்கள் அலுவலகத்திலேயே இருப்பதாக அமைப்பு எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பல நிறுவன அமைப்புகளில் 933 என்ற சோதனை எண் உண்டு. அதை அழுத்தினால் உங்கள் பெயரில் இருக்கும் முகவரியை ஒரு குரல் வாசித்துக் காட்டும். சோதிக்க 911-ஐ அழுத்த வேண்டாம்.

இனி நம் ஊர். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அந்த அடாப்டரைச் சென்னையிலோ கோவையிலோ அப்பா அம்மா வீட்டில் செருகிவிட்டுப் போவது வழக்கம். பேரப்பிள்ளைகளோடு காசில்லாமல் பேசலாம். நல்ல மனதோடு செய்கிற காரியம்தான். ஆனால் அது அமெரிக்க எண். அதில் 108-ஐயோ 112-ஐயோ அழுத்தினால் உள்ளூர் ஆம்புலன்ஸ் மையம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. 911 அழுத்தினாலோ மகனின் நியூ ஜெர்சி வீட்டு வாசலில் வண்டி நிற்கும். தனியாக இருக்கும் பெரியவர் நெஞ்சுவலியில் கைக்கு எட்டும் தொலைபேசியைத்தான் எடுப்பார். ஆகவே அந்தத் தொலைபேசியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே சார்ஜ் ஏற்றிய, உள்ளூர் சிம் போட்ட செல்போன் இருக்கட்டும். அடாப்டரோடு சேர்ந்த தொலைபேசியின் மேல் ‘108-க்கு இது உதவாது’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பும் அவசர எண்ணுக்கு உதவாது என்பதை அப்போதே சொல்லிவையுங்கள்.

இந்திய விதிகள் இந்த விஷயத்தில் பின்தங்கியிருக்கின்றன என்பதே என் கருத்து. 2017 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த பரிந்துரை, இணையத் தொலைபேசி நிறுவனங்கள் இருப்பிடத்தோடு கூடிய அவசர அழைப்பு வசதி தர ஊக்குவிக்கப்படலாம், இப்போதைக்குக் கட்டாயம் வேண்டாம், ஆனால் இந்தக் குறையை வாடிக்கையாளருக்கு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும் என்றது. அமெரிக்காவும் கனடாவும் 2005-இலேயே கட்டாயமாக்கியதை 12 ஆண்டுகள் கழித்தும் ஊக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இங்கே இணையத் தொலைபேசி வாங்குவோர், ‘112 அழுத்தினால் எந்த மையம் எடுக்கும், என் முகவரி அங்கே தெரியுமா?’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. ஐஇடிஎஃப் என்ற இணையத் தர அமைப்பு, கால்கரியில் அந்தக் குழந்தை இறந்த அதே 2008-இல், லாஸ்ட் என்ற நெறிமுறையை வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் பின்னாளில் எஃப்சிசியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியுமான ஹென்னிங் ஷுல்ஸ்ரின் அதை எழுதியவர்களில் ஒருவர். கருவி தான் இருக்கும் இடத்தைத் தனக்கு இணையம் தரும் வலைப்பின்னலிடமே கேட்டு வாங்குகிறது. ‘இந்த இடத்தில் அவசர உதவிக்கு யார்?’ என்று ஒரு வழிகாட்டிச் சர்வரை விசாரிக்கிறது. அந்த எல்லைக்குரிய மையத்தின் இணைய முகவரி பதிலாக வருகிறது; அந்த ஊரில் அழுத்த வேண்டிய அவசர எண்ணும் உடன் வரலாம். இருப்பிடம் அழைப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. நியூ ஜெர்சி அடாப்டர் சென்னையில் இருப்பதைச் சென்னையிலேயே தெரிந்துகொள்ளும். இது எங்கும் நடைமுறையாக, இணையம் தருபவர், தொலைபேசி நடத்துபவர், அவசர மையத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசு ஆகிய மூவரும் செலவு செய்ய வேண்டும். அவர்கள் தயங்கும்வரை முகவரியைச் சரியாக வைத்திருக்கும் சுமை முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான் இருக்கிறது. அது நியாயமில்லை, ஆனாலும் இன்றிரவு அதை நாம்தான் செய்தாக வேண்டும்.

கணக்கைத் திறந்து 911 முகவரியைப் பாருங்கள். வீடு மாறும் நாளில் பெட்டிகளை அவிழ்க்கும் முன் அதை மாற்றுங்கள். மாற்றம் பதிவாகச் சிறிது நேரம் பிடிக்கலாம். ரவுட்டருக்கும் அடாப்டருக்கும் யுபிஎஸ் போடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சந்தா இல்லாத செல்போனிலும், அது இன்றைய வலைப்பின்னலில் இயங்குமானால், 911 போகும். ஒன்றைச் சார்ஜ் ஏற்றி வையுங்கள், ஆனால் அதற்குத் திருப்பி அழைக்க முடியாது என்பதால் பேசி முடிக்கும்வரை துண்டிக்காதீர்கள். எந்தத் தொலைபேசியானாலும் யாராவது எடுத்தவுடன் ஊர், தெரு, கதவு எண் மூன்றையும் முதலில் சொல்லுங்கள். நடந்ததைப் பிறகு சொல்லலாம். ஆங்கிலம் வராத பெரியவர்களும் முகவரியை மட்டுமாவது ஆங்கிலத்தில் சொல்லப் பழகட்டும்.

அழைப்பு தவறாகப் போனால் உயிர் பிழைத்த நிம்மதியில் அதை விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், அழுத்திய எண், எடுத்தவர் சொன்ன ஊர், கணக்குப் பக்கத்தில் அன்றிருந்த முகவரியின் படம் ஆகியவற்றை அன்றே எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் எஃப்சிசியின் நுகர்வோர் புகார்ப் பக்கத்தில் இலவசமாகப் பதியலாம். நிறுவனம் 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். கனடாவில் சிஆர்டிசிக்கு எழுதலாம். இந்தியாவில் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணோடு போங்கள்.